வயிறு, முட்டி, ராஜகிரி: 1968இல் செஞ்சிக்குப் போய் வந்த கதை

செஞ்சியைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். காஞ்சிபுரம் எழுதினேன், தரங்கம்பாடி எழுதினேன், வாழ்க்கைப்பட்ட ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேனே என்று அவர்களுக்கு ஆச்சரியம். நான் ராஜகிரி ஏறப் போனது ஒரே ஒரு தடவைதான், 1968 மாசி மாதத்தில். அதை எழுத வேண்டுமென்றால் கக்கூஸைப் பற்றியும் எழுத வேண்டும். முகம் சுளிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

கீழே வரும் நேரம், தூரம், கட்டணம் எல்லாம் அன்றைய நிலவரம். அந்த நாளிலிருந்தே எங்கே போனாலும் ஒரு சின்ன நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இன்றைய பஸ் நேரத்தை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1963 ஆனியில் எனக்குக் கல்யாணம். நான் திண்டிவனத்துப் பெண். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக் கடை. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், சாப்பாடு பெண் வீட்டார் பொறுப்பு என்று பேச்சு. என் நைனா ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எல்லாம் அந்தப் பந்தியில் போட்டார். ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டும், அதுவும் ஒரே இலையில். காலை ஏழு மணிக்கு இறக்கிய சாம்பாரும் பச்சடியும் எங்கள் இலைக்கு வந்தபோது மணி மூன்று. ஆனி மாத வெயிலில் எட்டு மணி நேரம் மூடி வைத்திருந்த சாம்பார் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பெண், வாயைத் திறக்க முடியுமா? சாப்பிட்டேன்.

மறுநாள் ஆரம்பித்தது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஒன்பது பேருக்கு வாந்தியும் பேதியும். எங்கள் இரண்டு பேருக்குத்தான் ரத்தமாகவே போனது. கடைக்குப் பின்னால் பாத்திரம் அடுக்கி வைக்கும் அறையில் எங்களைப் படுக்க வைத்தார்கள். அவருக்கு ஒரு பாய், எனக்கு ஒரு பாய், நடுவில் பித்தளை அண்டாக்கள். கல்யாணமான ஜோடிக்குத் தனி அறை கிடைத்தது இப்படித்தான்.

வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்து தண்ணீரை நிறுத்தினார்கள். "தண்ணி குடுத்தா இன்னும் போவும், வயித்தக் காயப் போடணும்" என்றார்கள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, அந்தக் காலத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். இரண்டாம் நாள் என் கண் உள்ளே போய்விட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஒன்றுக்குப் போவது நின்றே போனது. அவரும் என்னைப் போலத்தான் கிடந்தார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்த வீடு, எந்தச் செம்பு எங்கே இருக்கும் என்று தெரியும். சமையல்கட்டு வரைக்கும் தவழ்ந்து போய், சோறு வடித்த கஞ்சியில் இரண்டு உப்புக்கல்லைப் போட்டு ஒரு சின்னச் செம்பில் கொண்டுவந்தார். "குடி. யாராண்டயும் சொல்லாத" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மணவறையில்கூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆறு நாள் அந்த அறையில் கிடந்தோம். பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? ராஜகிரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அவர் அந்த மலையை ஓடியே ஏறுவாராம். உச்சிக்குப் போகும் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும், அதன் மேல் ஒரு மரப்பாலம் இருக்கும், அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில், பீரங்கி, ஆளைத் தள்ளுகிற காற்று. "அங்க நின்னு காத்தால பாத்தீன்னா கெழக்கால கடல் தெரியும். பாண்டிச்சேரிக் கடல். வெள்ளியா ஒரு கோடு" என்றார். அண்டாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. "எழுந்து நடமாடுனதும் ரெண்டு பேரும் போலாம்" என்று முடித்தார்.

போகவில்லை. பேதி நின்று மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் அவருடைய வலது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இரண்டு கண்ணும் சிவந்து, நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது. அடிபடவில்லை, விழவில்லை. விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் சரியாகத்தான் கேட்டார்: "இதுக்கு முன்னாடி வயித்துப்போக்கு ஏதாவது இருந்துச்சா?"

என் வீட்டுக்காரர் "இல்லிங்க, சூடுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வெளியே பெஞ்சில் என் நைனா உட்கார்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது. கல்யாணச் சாப்பாட்டில் பேதி வந்தது என்று ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால், அது பெண் வீட்டாருக்குப் பெரிய தலைகுனிவு. அதனால் இரண்டு குடும்பமும் பேசி வைத்துக்கொண்டு அந்த ஒன்பது பேருக்கு வந்ததற்குச் 'சூடு' என்று பெயர் வைத்திருந்தது. இவர் டாக்டரிடமும் அதையே சொல்லிவிட்டார். டாக்டர் வாதம் என்று எழுதினார். அடுத்த மூன்று வருஷம் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஊர்ப்பட்ட எண்ணெய்.

பாத்திரக் கடையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் வியாபாரம். முட்டி மடங்காத ஆளுக்கு அங்கே இடமில்லை. சென்னையில் ஒரு உறவினர் கடையில் உயரமான நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், அங்கே குடிபோனோம். முட்டி நான்கு மாதம் சும்மா இருக்கும், பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீங்கும்.

எனக்கு முட்டிக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் போய்விட்டது. சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நாள் கல்லாகிவிடும். பால் ஒரு வாய் குடித்தாலும் வயிறு உறுமும். காப்பி என்றால் உயிர் எனக்கு. பால் விட்ட காப்பியைக் குடிக்காமல் மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைகள் எத்தனையோ. யார் வீட்டுக்குப் போனாலும், எந்தக் கோயிலுக்குப் போனாலும், முதலில் என் கண் தேடுவது வெளிக்குப் போக ஒரு மறைவு இருக்கிறதா என்பதைத்தான். ஆண்களுக்கு ஊரெல்லாம் மறைவு. பெண்பிள்ளைக்கு விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, அவ்வளவுதான். நடுவில் வந்தால் செத்தோம்.

நான்காம் வருஷம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கேயும் அதே கேள்வி வந்தது. இவர் "இல்லிங்க" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். "பொய் சொல்றாருங்க. ஆறு நாளு ரத்தமா போச்சு, எனக்கும் சேத்துத்தான். கல்யாணச் சாப்பாடு." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வயிற்றுக்கடுப்பு வந்து போன பிறகு சிலருக்கு முட்டி, கண், நீர்த்தாரை என்று பிடித்துக்கொள்ளும் என்றார். கிருமி முட்டியில் இல்லை, கிருமியோடு சண்டைக்குப் போன உடம்புக்குச் சண்டையை நிறுத்தத் தெரியவில்லை என்றார். என் வயிற்றுக்கும் அதே பேதிதான் காரணம், பேதி போய்விட்டது, குடலுக்கு இன்னும் பயம் தெளியவில்லை என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். "மாயமெல்லாம் ஒண்ணும் நடந்திருக்காதும்மா. ஊசி மிச்சமாயிருக்கும்" என்றார். நிறையப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு விட்டு விட்டு வரும், இவர் எந்தப் பக்கம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பிடித்துச் சண்டை போட்டேன். மூன்று வருஷம் ஊசி குத்திக்கொண்டீர்களே, எதற்கு என்று. "உங்க நைனா காதுல வுழுந்திருக்கும்" என்றார், அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை.

இனிமேல்தான் பயணம். 1967 கடைசியில் முட்டி நான்கு மாதமாக அடங்கியிருந்தது. மாசியில் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று நான்தான் நச்சரித்தேன். அவர் கடையில் மூன்று நாள் லீவு சொன்னார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது முட்டி வீங்கியது. போகாமல் விட்டுவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "நான் கீழ உக்காந்துக்கறேன். நீ போய்ட்டு வா" என்றார். இந்த 'போய்ட்டு வா' எனக்குப் புதிதில்லை. முட்டி வீங்கின நாளிலிருந்து கடற்கரைக்கு, கோயிலுக்கு, என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு, எல்லாவற்றுக்கும் 'நீ போய்ட்டு வா'தான். அந்த அண்டா அறையில் சொன்ன 'போலாம்' என்ற சொல் ஐந்து வருஷமாக அவர் வாயில் வரவே இல்லை. நான் ஏங்கியது மலைக்கு இல்லை, அந்தச் சொல்லுக்கு.

எழும்பூரில் காலை 7.10 பாசஞ்சர். திண்டிவனத்துக்கு 76 மைல், மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நேராகப் பஸ்ஸிலேயே போயிருக்கலாம், நேரமும் மிச்சம். ஆனால் ரயிலில் கக்கூஸ் இருக்கிறது. எனக்கு அதுதான் முதல் வகுப்பு. கதவுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்து, அவர் காலை நீட்டிக்கொள்ள என் பையை எதிரில் வைத்தேன். பையில் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் ஒரு கூஜா, ஒரு மாற்றுப் புடவை, ஓமம், உலர்ந்த மாதுளம் தோல், அரிசிப் பொரி. காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பயணம் என்றால் முதல் நாளே பட்டினி போட்டுவிடுவேன். இது தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது, வெறும் வயிறு இன்னும் மோசமாக ஆடும்.

திண்டிவனத்தில் இறங்கும்போது மணி 10.50. செஞ்சி பஸ் 11.20க்கு. 17 மைல், 75 காசு, ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். இந்த ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லை, ஏரி, பனைமரம் எல்லாம் போயிற்று, நான் ஒன்றையும் பார்க்கவில்லை, நிறுத்தம் வரும்போதெல்லாம் மறைவு பார்த்தேன். அவருக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஸ்டாப்ல ஒரு பள்ளிக்கூடம் கீது, கேட்டா வுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தேவைப்படவில்லை, ஆனால் அந்தப் பேச்சு தேவைப்பட்டது.

செஞ்சியில் மச்சாண்டார், அதாவது அவருடைய அண்ணன், வீட்டில் தங்கினோம், கடைக்குப் பின்னால் அதே வீடு. மச்சாண்டார் மனைவி, என் ஓர்ப்படி, நல்ல டிகிரி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கு வேண்டாம், கடுங்காப்பி போதும் என்றேன். "இன்னா, ஏதாச்சும் வேண்டுதலா?" என்றாள். ஆமாம் என்றேன். ஐந்து வருஷம் ஆகியும் அந்த வீட்டில் அது 'சூடு'தான். சாப்பிடும்போது இவர் ராஜகிரி உச்சியிலிருந்து கடல் தெரியும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்ல, மச்சாண்டார் சிரித்தார். "கடலா? பாண்டிச்சேரி எங்க கீது, செஞ்சி எங்க கீது? ஏரியப் பாத்துட்டு உளறான்." இவர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை 6.15க்குக் குதிரை வண்டி. கடைத்தெருவிலிருந்து கோட்டைக்கு இரண்டு மைல் இருக்கும், போக ஒரு ரூபாய், காத்திருந்து திரும்ப இன்னொரு ரூபாய். வண்டிக்காரர் இவரை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், நீங்க ஏறலியா? மின்னாடியெல்லாம் ஓடுவீங்களே" என்றார். "முட்டி ஒத்துக்கல. அவ போய்ட்டு வருவா" என்றார் இவர். வண்டிக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் குதிரையோடுதான் பேசினார்.

கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஆனைக்குளம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ராஜகிரி நிமிர்ந்து நிற்கும், உச்சிக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். குளத்துச் சுவரில் ஒரு துணியை விரித்து அவரை உட்கார வைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் கடையில் புதிதாக வந்தது, இரவல் கேட்டு வாங்கியிருக்கிறார். "உச்சிக்குப் போனதும் கெழக்கால திரும்பி வெயில்ல காட்டு. இங்க மின்னும். நான் பாத்துக்கினு இருப்பேன்" என்றார். அப்புறம் தயங்கி, "கடல் தெரியுதான்னும் பாரு" என்றார். அண்ணன் சிரித்தது அவருக்கு உறைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

7.05க்கு ஏற ஆரம்பித்தேன். படிகள் முதலில் அகலம், உயரம் குறைவு. அரை மணி நேரத்தில் செங்குத்தாகிவிடும், ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். இதையா அவர் கால் ஓடி ஏறியது என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டேன். குரங்குகள் உண்டு, பொரிப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். கமலக்கண்ணியம்மன் கோயிலை அடையும்போது 7.50. அங்கே தலையில் சும்மாட்டுத் துணியும் கையில் அரிவாளுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவள், என் வயதுதான் இருக்கும், பெயர் பச்சையம்மா. "இன்னாம்மா, தனியாவா ஏர்ற?" என்றாள். ஆமாம் என்று சொல்லி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, வழக்கமான என் கேள்வியைக் கேட்டேன். நடுவழியில் வயிறு வந்துவிட்டால் எங்கே போவது?

அவள் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "இத்தினி பெரிய கோட்டைல உனுக்கு ஒரு மறவு கெடைக்காதா? மேல வர்றேன் வா, காட்றேன்" என்றாள். ஏறிக்கொண்டே காட்டினாள். இந்தப் பாறைக்குப் பின்னால், அந்த இடிந்த சுவருக்குள்ளே, காவல் அறைக்கு இடப்பக்கம். பெரிய பெரிய கோட்டை வாசல்களைப் பார்க்க வந்தவர்கள் யாரும் பார்க்காத செஞ்சியை நான் பார்த்துக்கொண்டு போனேன். எனக்காக ஒருத்தி மலையையே வேறு விதமாகப் படம் போட்டுக் கொடுத்தாள். அன்று என் வயிறு ஒரு சத்தமும் போடவில்லை. குடலுக்குப் பயம் தெளியவில்லை என்று டாக்டர் சொன்னது சரிதான் போலிருக்கிறது, பயம் விட்டால் அதுவும் விடுகிறது.

8.40க்குப் பாலத்துக்கு வந்தோம். அவர் சொன்னபடியேதான் இருந்தது. பாறை பிளந்து கீழே ஆழமாகப் போகிறது, மேலே சின்ன மரப்பாலம், அந்தப் பக்கம் ஒரு வாசல். "அவ்ளோதாம்மா. தாண்டினா பத்து நிமிஷம், உச்சி" என்றாள் பச்சையம்மா. உச்சியிலிருந்து கடல் தெரியுமா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்காமல் நிறுத்திக்கொண்டேன்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். நான் மேலே போனால் கிழக்கே பார்க்க வேண்டும். வெள்ளியாகக் கோடு தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் கீழே போய் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? ஓட்டம் போயிற்று, கடை போயிற்று, ஊர் போயிற்று. அந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது இந்த உச்சியும், அதை எனக்குச் சொல்லும் உரிமையும்தான். நான் பார்த்துவிட்டு இறங்கினால் அதுவும் முடிந்துவிடும். அதற்கப்புறம் அவர் என்னை அழைத்துப்போக வேண்டிய இடம் என்று ஒன்று உலகத்தில் இருக்காது. இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். தட்டைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து திரும்பினேன்.

"இன்னாம்மா, பாலம் பயமாக்குதா?" என்றாள் பச்சையம்மா.

"இல்ல. அவரு இல்லாம வேணாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரியான ஆளு நீ" என்று சொல்லிப் புல் அறுக்கப் போய்விட்டாள்.

இறங்க ஐம்பது நிமிஷம் ஆனது. இறங்குவதுதான் முட்டிக்குக் கடினம், ஆரோக்கியமான முட்டியே ஆட்டம் காணும், குறித்துக்கொள்ளுங்கள். ஆனைக்குளத்தில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வீங்கின காலோடு எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் திரும்பினார்.

"மின்னவே இல்லியே" என்றார்.

"வயிறு" என்றேன். "பாலத்தாண்ட வந்ததும் புடிச்சிக்கிச்சி. அதுக்கு மேல முடியல."

அவர் என்னைப் பார்த்தார். கூஜாவைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு மலைப் பக்கம் திரும்பி, "சரி வுடு. இந்த முட்டி அடங்கட்டும். அடுத்த தபா ரெண்டு பேரும் போலாம்" என்றார்.

போலாம். ஐந்து வருஷம் கழித்து. முகத்தைக் கழுவுகிற சாக்கில் குளத்துப் பக்கம் போய் நன்றாக அழுதேன். அவர் வயிறு போகவில்லை என்று ஒரு பொய் சொன்னார், நான் வயிறு போயிற்று என்று ஒரு பொய் சொன்னேன், கணக்கு நேராகிவிட்டது என்று வண்டியில் வரும்போது நினைத்துக்கொண்டேன். 12.30 பஸ்ஸில் திண்டிவனம், சாயங்கால ரயிலில் சென்னை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல பருவம். காலை ஏழு மணிக்கு முன்னால் ஏற ஆரம்பியுங்கள், ஏறி இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மலைச்சுனைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆசைப்படாதீர்கள். பயணத்தில் பேதி வந்துவிட்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், உப்பும் சர்க்கரையும் கலந்தோ உப்புக் கஞ்சியாகவோ கொடுத்துக்கொண்டே இருங்கள், ரத்தம் போனாலோ ஒன்றுக்குப் போவது நின்றாலோ உடனே டாக்டர். இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கினால், கண் சிவந்தால், வயிற்றுக் கதையை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். யார் வீட்டுச் சாப்பாடு என்று டாக்டர் கேட்கப் போவதில்லை. பெண்கள் தனியாகப் போனால் மலையில் புல் அறுக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுங்கள், எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாதது அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் அப்புறம் போகவில்லை. வீக்கம் வருவது வருஷங்கள் போகப் போகக் குறைந்தது, ஆனால் முட்டி மடங்கவே இல்லை. என் வயிறு பாதி சமாதானமாகிவிட்டது, காப்பி மட்டும் இன்னும் கருப்புத்தான். ஒவ்வொரு வருஷமும் மழை நின்றதும் அவர் ஆரம்பிப்பார், "இந்த மாசி போலாம்." நானும் சரி என்பேன். இந்த வருஷமும் சொன்னார்.

அவருக்கு இப்போது ஃபோன் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் எழுதுவதை எல்லாம் சாயங்காலம் வாசித்துக் காட்டச் சொல்லுவார். இதையும் வாசிப்பேன், பாலத்தில் உட்கார்ந்த கதையையும் நான் சொன்ன பொய்யையும் மட்டும் தாண்டிவிடுவேன். நீங்கள் ராஜகிரி ஏறினால் பஸ் கட்டணம் எழுதுங்கள், பாலம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், புது கக்கூஸ் கட்டியிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். கிழக்கே கடல் தெரிகிறதா இல்லையா என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.